பீம் தராசா, தானியங்கி டிஸ்பென்சரா? ரீலோடிங் மேசைக்கு வரும் புதிய கருவிகள்: ஒரு மதிப்பீடு

சுட்டு முடித்த கேஸில் புதிய பிரைமர், பவுடர், குண்டு வைத்து மறுபடி தோட்டா செய்வதுதான் ரீலோடிங். பித்தளைக் கேஸ் (தோட்டாவின் கூடு), பிரைமர் (பவுடரைப் பற்றவைக்கும் சிறு மூடி), பவுடர், குண்டு என்ற நான்கும் 19ஆம் நூற்றாண்டு முடிவதற்குள்ளேயே இன்றைய வடிவத்துக்கு வந்துவிட்டன. பாக்ஸர் பிரைமர் 1866இலேயே வந்தது. அதன்பின் மாறியதெல்லாம் பெரும்பாலும் இவற்றைச் சுற்றியுள்ள கருவிகள்தான். எனவே புதிதாக எதையும் வாங்கும் முன் ஒன்றைப் பாருங்கள்: அது தோட்டாவை அளக்கிறதா, இல்லை தோட்டாவையே மாற்றச் சொல்கிறதா? அளப்பதை வாங்கலாம். மாற்றச் சொல்வதை நூறு முறை யோசித்துத்தான் வாங்க வேண்டும்.

முதலில் பவுடரை அளக்கும் தராசு. ஓஹாஸ் தயாரித்து, ரீலோடிங் கருவி நிறுவனமான ஆர்சிபிஎஸ் பெயரில் விற்ற 10-10 போன்ற பீம் தராசு (எடையைக் கையால் நகர்த்திச் சமன் செய்வது), நல்ல நிலையில் கிடைத்தால் இன்றும் விடக்கூடாத பொருள். அகேட் கல் மேல் கத்திமுனை, ஆட்டத்தை அடக்கக் காந்தம், அவ்வளவுதான். பேட்டரியும் கிடையாது, வார்ம்-அப்பும் கிடையாது. அளவுக்கோடு 0.1 கிரெய்ன், அதாவது சுமார் 6.5 மில்லிகிராம். ஆனால் சுத்தமான தராசில் நீள்மணி (சிறு குச்சி வடிவ) பவுடரின் ஒற்றை மணியைப் போட்டாலே முள் அசையும். அசையவில்லை என்றால் கல்லின் பள்ளத்தில் தூசி இருக்கிறது. மென்மையான பிரஷும் கொஞ்சம் ஆல்கஹாலும் போதும். எண்ணெய் மட்டும் வேண்டவே வேண்டாம். அது தூசியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். முள்ளை மேலிருந்து பார்த்தாலும் தவறாகத் தெரியும், கண் கோட்டின் நேருக்கு இருக்க வேண்டும். முள்ளுக்கு எதிரே சிறிய கேமராவை வைத்துத் திரையில் பெரிதாகப் பார்ப்பது நல்ல வழக்கம்.

ஆர்சிபிஎஸ் சார்ஜ்மாஸ்டர் வகை டிஸ்பென்சரின் பலம் வேகம். எண்ணை அழுத்தினால் பவுடர் கொட்டி, தானே நிறுத்தி, எடையும் காட்டும். தட்டு நிரம்புவதற்குள் முந்தைய கேஸில் குண்டை உட்கார வைத்துவிடலாம். அறிவித்த துல்லியம் ±0.1 கிரெய்ன், பின்னர் வந்த மேட்ச்மாஸ்டரில் போட்டி முறைக்கு ±0.04. ஆனால் உள்ளே இருப்பது ஸ்ட்ரெய்ன் கேஜ் லோடு செல், அதாவது எடையால் வளைவதை மின்சாரத்தால் அளக்கும் உணரி. ஆன் செய்து அரை மணி நேரமாவது சூடாக விடாமல் அளந்தால் எண் மெல்ல நகரும். மின்விசிறிக் காற்று, நிலைமின்சாரம், பக்கத்தில் கிடக்கும் மொபைல் எல்லாமே அதைக் குழப்பும்.

இதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. பல லோடு செல் தராசுகளில் எண்ணின் சிறு நகர்வைத் தானே சரிசெய்யும் ஆட்டோ ஜீரோ வசதி இருக்கும். மணி மணியாக மெதுவாகப் போட்டால் அந்தச் சின்ன மாற்றத்தை நகர்வு என்று நினைத்துத் தராசு விழுங்கிவிடும். திரையில் எண் அப்படியே நிற்கும், தட்டில் பவுடர் கூடிக்கொண்டே போகும். சந்தேகம் வந்தால் தட்டைத் தூக்கி மறுபடி வையுங்கள், உண்மையான எண் வரும். சோதனை எடையை உங்கள் பவுடர் அளவுக்கு அருகிலேயே தேர்ந்தெடுங்கள். 40 கிரெய்ன் அளக்கும்போது 300 கிரெய்ன் எடையால் சரிபார்ப்பதில் பயன் குறைவு. ஒவ்வொரு பத்தாவது அளவையும் பீம் தராசில் பாருங்கள். டிஸ்பென்சரில் பவுடர் கொட்டும் குழாயின் நுனியில் சிறிய உறிஞ்சுகுழல் துண்டைச் செருகினால் பவுடர் கொத்தாக விழுவது குறையும்.

இந்தத் துல்லியம் தேவைதானா? 40 கிரெய்ன் கொள்ளும் ரைஃபிள் கேஸில் 0.1 என்பது கால் சதவீதம்தான். 4 கிரெய்ன் கொள்ளும் பிஸ்டல் கேஸில் அதே 0.1 இரண்டரை சதவீதம். நெடுந்தூரப் போட்டிக்கு மட்டும் ஏஅண்ட்டி எஃப்எக்ஸ்-120i போன்ற காந்தவிசைத் தராசு (எடையைக் காந்தவிசையால் சமன் செய்து அளப்பது) நியாயமானது: 0.02 கிரெய்ன் வரை காட்டும், எண் நகர்வும் மிகக் குறைவு. மற்றவர்களுக்கு அந்தப் பணம் பயிற்சித் தோட்டாவுக்கே போகட்டும்.

எந்தக் கருவியாலும் தீராதது ஒன்று: நீள்மணி பவுடர் புனலின் கழுத்தில் பாலம்போல் அடைத்துக்கொள்வது. ஒரு கேஸ் பாதி நிரம்பும், அடுத்ததில் அளவுக்கு மீறிக் கொட்டும். முதலாவது குண்டைக் குழலிலேயே நிறுத்தலாம், இரண்டாவது துப்பாக்கியையே உடைக்கலாம். குண்டு வைக்கும் முன் எல்லாக் கேஸ்களையும் குழிகள் கொண்ட கட்டையில் அடுக்கி, டார்ச் அடித்து உள்ளே பாருங்கள். பவுடர் மட்டம் ஒன்றுக்கொன்று மாறினால் இரண்டையும் கொட்டி மறுபடி அளக்க வேண்டும்.

புதிய தொழில்நுட்பத்தில் மனப்பூர்வமாகப் பரிந்துரைப்பது ரேடார் குரோனோகிராஃப், அதாவது குண்டின் வேகத்தை அளக்கும் கருவி. பழைய ஒளித்திரைக் கருவியைக் குழலுக்கு முன்னே வைக்க வேண்டும். மேகம் வந்தால் எண் மாறும், குறி தப்பினால் கருவியே உடையும். 2023இல் வந்த கார்மின் ஜீரோ சி1 ப்ரோ போன்றவை குழலின் பக்கவாட்டில் உட்கார்ந்து வேகத்தைப் பதிவுசெய்கின்றன. ஆனால் எண்ணை நம்பும் முறை வேண்டும். 5 முறை சுட்டு, திட்டவிலக்கம் (வேகங்களின் சிதறல்) நொடிக்கு 10 அடி என்று வந்தால், உண்மையான விலக்கம் 6 முதல் 29 வரை எங்கும் இருக்கலாம் (95% நம்பிக்கையில்). 20 முறை சுட்டால் அது 8 முதல் 15 ஆகச் சுருங்கும். ஐந்து தோட்டாவை வைத்து இந்த லோடுதான் (பவுடர் அளவும் குண்டும் சேர்ந்த கலவை) சிறந்தது என்று முடிவெடுப்பவர் பவுடரை வீணாக்குகிறார்.

இனி தோட்டாவையே மாற்றச் சொல்லும் ரகம். துப்பாக்கி நிறுவனமான ரெமிங்டன் 2000ஆம் ஆண்டில் எட்ரான்எக்ஸ் என்ற மின்னணுப் பற்றவைப்பு ரைஃபிளை அறிமுகப்படுத்தியது. ரைஃபிளின் பின்கட்டைக்குள் 9 வோல்ட் பேட்டரி. பிரைமரைத் தட்டும் ஊசி இல்லாததால் டிரிகர் இழுத்ததும் மின்சாரம் உடனே பாயும். யோசனை உண்மையிலேயே அழகானது. ஆனால் அதற்கென்றே தனிப் பிரைமர் வேண்டும், சாதாரணப் பிரைமர் அதில் வெடிக்காது. சில ஆண்டுகளிலேயே தயாரிப்பு நின்றது. கேஸும் பவுடரும் குண்டும் தாராளமாக இருந்தும், பிரைமர் கிடைக்காமல் அந்த ரைஃபிளுக்கு ரீலோட் செய்வது பெரும்பாடாகிவிட்டது.

சாதாரண பாக்ஸர் பிரைமரோ பெரிய ரைஃபிளுக்கு 0.210 அங்குலம், சின்னதற்கு 0.175 அங்குலம், எந்த நிறுவனத்துடையதை வாங்கினாலும் குழிக்குள் பொருந்தும். பொருந்துகிறதே என்று பிராண்டை மாற்றி அதே பவுடர் அளவில் தொடர்ந்துவிடாதீர்கள். சுடரின் வீரியம் ஒவ்வொன்றிலும் வேறு. ரீலோடிங் கையேட்டின் தொடக்க அளவுக்குத் திரும்பிப் படிப்படியாக ஏற்ற வேண்டும்.