பழைய லீனியரா, புதிய எஸ்.எம்.பி.எஸ்ஸா? ஆர்கேட் இயந்திரங்களின் பவர் சப்ளைச் சண்டை

1980-ஐ ஒட்டி அமெரிக்காவில் வெளிவந்த ஆர்கேட் இயந்திரம் (காசு போட்டு ஆடும் வீடியோ கேம் பெட்டி) ஒன்று, ஆட்டத்தின் நடுவே தானாக முதலிலிருந்து தொடங்கினாலோ, திரையில் பட்டைகள் மெதுவாக ஏறி இறங்கினாலோ, சந்தேகம் முதலில் பவர் சப்ளைமீதுதான் விழும். சந்தேகம் பெரும்பாலும் சரிதான். சண்டை அதற்குப் பிறகு தொடங்குகிறது. உள்ளே இருக்கும் லீனியர் சப்ளையை, அதாவது மிச்ச அழுத்தத்தைச் சூடாக்கிக் கழித்துவிடும் பழைய வகையை, செப்பனிட வேண்டும் என்பார் ஒருவர். அதைக் கழற்றி எறிந்துவிட்டுக் கையடக்கமான எஸ்.எம்.பி.எஸ் (மின்சாரத்தை வேகமாக விட்டு விட்டு ஓடச் செய்யும் ஸ்விட்சிங் சப்ளை) ஒன்றைப் பொருத்து என்பார் இன்னொருவர். இரண்டுமே எல்லா இயந்திரத்துக்கும் பொருந்துகிற பதில் இல்லை.

லீனியரின் குறை ஊரறிந்தது: வீணாகும் வெப்பம். அட்டாரி நிறுவனத்தின் பழைய சப்ளையில் சுமார் 10 வோல்ட் உள்ளே வந்து 5 வோல்ட்டாக வெளியே போகிறது. ஆட்டத்தை நடத்தும் மின்சுற்றுப் பலகையான போர்டு 5 ஆம்பியர் இழுத்தால், ஏறத்தாழ 25 வாட் வெறும் சூடாகவே போய்விடும். அந்தச் சூட்டில் கெப்பாசிட்டர் காய்கிறது, பற்றவைத்த இடங்கள் விரிசல் காண்கின்றன. எஸ்.எம்.பி.எஸ் அந்த அளவுக்குச் சூடாகாது. விலையும் குறைவு, எடையும் குறைவு.

ஆனால் கோளாறு கண்டுபிடிப்பதில் லீனியர்தான் நேர்மையானது. டிரான்ஸ்பார்மர், டயோடு பிரிட்ஜ், பெரிய கெப்பாசிட்டர், அழுத்தத்தைச் சீராக்கும் ரெகுலேட்டர் என்று வரிசையாக மீட்டரை வைத்துக்கொண்டே போகலாம். எந்த இடத்தில் மின்னழுத்தம் காணாமல் போகிறதோ அங்கேதான் நோய். கெப்பாசிட்டர் செத்திருந்தால், மீட்டரை ஏ.சி.க்கு மாற்றி 5 வோல்ட் வரியில் வைத்தாலே தெரிந்துவிடும். 60 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் 120 ஹெர்ட்ஸ் அலையாக வரும் ரிப்பிளை, அதாவது டி.சி.யில் மிஞ்சும் ஏற்ற இறக்கத்தை, சாதாரண மீட்டரே காட்டும். எஸ்.எம்.பி.எஸ்ஸின் இரைச்சல் பல்லாயிரம் ஹெர்ட்ஸில் இருக்கும். அலையைத் திரையில் வரைந்து காட்டும் ஆஸிலோஸ்கோப் இல்லாதவருக்கு அது கண்ணில் படாது. மீட்டர் அழகாக 5.05 என்று காட்டிக்கொண்டிருக்கும், ஆட்டம் மட்டும் தொங்கி நிற்கும். மலிவான எஸ்.எம்.பி.எஸ் சிலவற்றைச் சுமை இல்லாமல் மேசையில் வைத்துச் சோதித்தால் வரும் எண்ணையும் நம்ப முடியாது. இன்னொன்று: அதன் முன்பக்கக் கெப்பாசிட்டர்களில், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உயர் மின்னழுத்தம் தங்கியிருக்கக்கூடும். திறந்து பார்க்கும் பொருள் அல்ல அது.

இந்தச் சண்டையில் இரண்டு தரப்பும் வசதியாக மறந்துவிடுவது கனெக்டரை. 5 ஆம்பியர் ஓடும் வழியில் கறுத்துப்போன ஒரு முனை 0.1 ஓம் தடை தந்தாலே அரை வோல்ட் தொலைந்துவிடும். 5 வோல்ட் 4.5 ஆகிறது. அந்தக் காலத்து டி.டி.எல் (5 வோல்ட்டில் ஓடும் லாஜிக்) சிப்புகளுக்கு 4.75-க்குக் கீழே உத்தரவாதம் கிடையாது. உடனே சப்ளையிலுள்ள திருகைத் திருப்பி அழுத்தத்தை ஏற்றுகிறார்கள். கறுத்த முனை இன்னும் சூடாகிறது. ஆகவே அளவை எடுக்க வேண்டியது சப்ளையில் அல்ல, போர்டின் மேலுள்ள ஒரு சிப்பின் காலில்.

இதை அட்டாரியின் 1979 ஆஸ்டராய்ட்ஸில் தெளிவாகப் பார்க்கலாம். அதன் ரெகுலேட்டர் போர்டுக்கு ஆட்டப் போர்டிலிருந்து சென்ஸ் கம்பிகள் திரும்பி வருகின்றன. வழியில் இழப்பு இருந்தால் அதை உணர்ந்து, ரெகுலேட்டர் தானே அழுத்தத்தை ஏற்றிக் கொடுக்கும். நல்ல யோசனைதான். போர்டின் விளிம்பில் செருகும் எட்ஜ் கனெக்டர் கெட்டுப்போனால் அதுவே வினையாகிறது: போக வேண்டிய மின்னோட்டம் மெல்லிய சென்ஸ் கம்பி வழியே போகப் பார்க்கும். இதன் அடுத்த வடிவமான ஏ.ஆர் 2 போர்டில் ஆர்29, ஆர்30 என்ற இரண்டு ரெசிஸ்டர்கள் கருகிக் கிடந்தால், சப்ளையைத் திட்டுவதற்கு முன் கனெக்டரைப் பாருங்கள்.

ஆஸ்டராய்ட்ஸில் எஸ்.எம்.பி.எஸ் போடுவதால் பெரிய லாபமும் இல்லை. கோடுகளால் படம் வரையும் அதன் வெக்டர் மானிட்டருக்கு ஏ.சி. வேண்டும், அதற்குப் பழைய டிரான்ஸ்பார்மர் இருந்தே ஆக வேண்டும். ஒலிப்பெருக்கியும் அதே ரெகுலேட்டர் போர்டில் இருக்கிறது. இரண்டையும் வைத்துக்கொண்டு மூன்றாவதாக ஒன்றைத் திணிப்பது வீண் வேலை. பெரிய நீலக் கெப்பாசிட்டரை மாற்றி, கனெக்டரைப் புதிதாக்கி, பற்றவைப்புகளைப் புதுப்பித்தால் அட்டாரிக்கு அது போதும்.

மிட்வே வெளியிட்ட பேக்-மேன் (1980) வேறு கதை. அங்கே 7 வோல்ட் ஏ.சி. நேராக ஆட்டப் போர்டுக்குப் போய், போர்டின் மேலேயே டி.சி.யாகி 5 வோல்ட்டாகிறது. எல்லாச் சூடும் போர்டின் தலையில். 44 முனை எட்ஜ் கனெக்டர் கருகிப் பழுப்பேறியிருப்பது இந்த இயந்திரத்தில் வாடிக்கையான காட்சி. இங்கே நான் எஸ்.எம்.பி.எஸ் பக்கம். ஆனால் 7 வோல்ட் வரியைத் துண்டித்து, போர்டிலுள்ள ரெகுலேட்டரைத் தாண்டி 5 வோல்ட்டைக் கொடுக்க வேண்டும். கருகிய கனெக்டரையும் மாற்றியாக வேண்டும், ஏனென்றால் புதிய சப்ளையின் மின்சாரமும் அதே கதவு வழியாகத்தான் உள்ளே வரும்.

வில்லியம்ஸின் டிஃபெண்டர், ரோபோட்ரான் இரண்டிலும் கவலை 5 வோல்ட்டைப் பற்றியதல்ல, மைனஸ் 5 வோல்ட்டைப் பற்றியது. அவற்றிலுள்ள 4116 ரேம்களுக்கு (நினைவகச் சிப்புகளுக்கு) +12, +5, −5 மூன்றும் தேவை. மைனஸ் 5 மட்டும் போய் மற்ற இரண்டும் வந்துகொண்டிருந்தால் ரேம்கள் சாகும். தளர்ந்த ஒரு பின் போதும். எந்தச் சப்ளையாக இருந்தாலும் போர்டை மாட்டுவதற்கு முன் மைனஸ் 5-ஐ அளந்துவிடுவது நல்லது.

பழையது என்றாலே லீனியர் என்று வாதிடுபவர்களுக்கு ஒரு சின்னத் தகவல்: நின்டெண்டோவின் டாங்கி காங் (1981) தொழிற்சாலையிலிருந்தே ஸ்விட்சிங் சப்ளையுடன்தான் வந்தது.

எஸ்.எம்.பி.எஸ்ஸுக்கு மாறுவதாக முடிவெடுத்தால், பழைய கம்பிக் கட்டை மட்டும் வெட்டாதீர்கள். நடுவே ஓர் அடாப்டர் போட்டு இணையுங்கள். கழற்றிய சப்ளையைப் பொதிந்து, பெட்டியின் அடித்தளத்திலேயே வைத்துவிடுங்கள். அடுத்து வாங்குபவர் பழைய லீனியரையே விரும்பும் அட்டாரிக்காரராக இருக்கலாம்.