டெக்சாஸ் ஹைஸ்கூல்: ஸ்டெமா, மல்டிடிசிப்ளினரியா?

டெக்சாஸில் ஒன்பதாம் வகுப்பில் கால் வைக்கும்போதே எந்த எண்டார்ஸ்மென்ட் (நம்மூர் குரூப் மாதிரி, பிள்ளை தேர்ந்தெடுக்கும் பாடப் பிரிவு) என்று எழுதிக் கொடுத்தாக வேண்டும். 2013-ல் வந்த எச்பி 5 என்ற மாநிலச் சட்டம் செய்த மாற்றம் இது. அதற்கு முன் பெரும்பாலான பிள்ளைகளுக்கு நாலுக்கு நாலுதான்: ஆங்கிலம், கணக்கு, அறிவியல், சமூக அறிவியல், ஒவ்வொன்றிலும் நாலு கிரெடிட் (ஒரு வருடப் பாடத்துக்கு ஒரு கிரெடிட்). இப்போது அடிப்படைத் திட்டம் 22 கிரெடிட், எண்டார்ஸ்மென்ட் சேர்ந்தால் 26.

வெறும் 22-ஓடு நிற்பதைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. பத்தாம் வகுப்பு முடிந்தபின் பெற்றோர் கையெழுத்திட்டால் அதற்கு இறங்கலாம். எங்கள் வீட்டில் அந்தப் பேச்சே எழவில்லை. மொத்தம் ஐந்து எண்டார்ஸ்மென்ட் உண்டு. தொழில்-வணிகம், பொதுச் சேவை, கலை எடுத்த பிள்ளைகள் எங்கள் வட்டத்தில் யாருமில்லை, அதனால் அவற்றை விட்டுவிடுகிறேன். மீதி இரண்டு: ஸ்டெம் (அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணக்கு), மல்டிடிசிப்ளினரி (பல துறைப் பாடங்கள் கலந்தது).

பெரியவளுக்கு யோசிக்காமல் ஸ்டெம் போட்டோம். ஊரில் ஃபர்ஸ்ட் குரூப் எடுத்து வந்தவர்களுக்கு கை வேறெங்கே போகும்? அதில் கம்ப்யூட்டர் சயின்ஸ் பிரிவு. பத்தாம் வகுப்பு கிறிஸ்துமஸ் லீவில் சாப்பாட்டு மேசையில் சொன்னாள்: "அப்பா, எனக்குக் கோடிங் வேணாம். சைக்காலஜி படிக்கணும்."

ஸ்டெம், மல்டிடிசிப்ளினரி இரண்டையும் நான் எடைபோட ஆரம்பித்ததே அன்றுதான். பார்க்க வேண்டியது பாதியில் மனசு மாறினால் என்ன நஷ்டம் என்பதை. ஸ்டெமில் கம்ப்யூட்டர் சயின்ஸ் வழி போனால் அதில் மட்டும் நாலு கிரெடிட், கூடவே அல்ஜீப்ரா 2, கெமிஸ்ட்ரி, ஃபிசிக்ஸ் கட்டாயம். விலகினால் அதுவரை எடுத்த கம்ப்யூட்டர் கிரெடிட் எலெக்டிவ் (விருப்பப் பாடம்) கணக்கில் போய் உட்கார்ந்துகொள்ளும். வீணில்லை, ஆனால் வேறு எலெக்டிவுக்கு வைத்திருந்த இடம் போய்விடும்.

மல்டிடிசிப்ளினரியில் பழைய நாலுக்கு நாலு வழி இன்னும் இருக்கிறது. எந்த எண்டார்ஸ்மென்ட் எடுத்தாலும் கணக்கும் அறிவியலும் எப்படியும் நாலு, ஆங்கிலமும் நாலு. சமூக அறிவியல்தான் மூன்று. ஆக, கூடுதலாக வேண்டியது ஒரே ஒரு சமூக அறிவியல் கிரெடிட். அறிவியலில் கெமிஸ்ட்ரியோ ஃபிசிக்ஸோ இருந்தால் போதும். ஒரு கிரெடிட்டில் முடிகிற விஷயத்துக்கு ஏன் ஒன்பதாம் வகுப்பிலேயே பிள்ளையைக் கட்டிப்போட வேண்டும்?

ஒரு கண்ணி உண்டு. இந்த வழியில் அல்ஜீப்ரா 2 கட்டாயமில்லை. அதை விட்டால் 'டிஸ்டிங்விஷ்ட்' என்ற உயர்நிலைத் தகுதி போய்விடும். அது இல்லாமல் பள்ளியில் டாப் 10 சதவீதத்தில் வருகிறவர்களுக்கு மாநிலப் பல்கலைக்கழகங்கள் தரும் நேரடிச் சேர்க்கை கிடையாது. (ஆஸ்டினில் உள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகமான யூடி ஆஸ்டினில் 2026 இலையுதிர் பருவத்திலிருந்து அது 5 சதவீதம்.) படிவத்தில் பெயர் எதுவாக இருந்தாலும் அல்ஜீப்ரா 2-ஐ மட்டும் தொடாமல் விடாதீர்கள்.

எஞ்சினியரிங்தான் என்று உறுதியாக இருக்கிற பிள்ளைக்கு ஸ்டெமே சரி. அந்தப் பாடங்களை எப்படியும் எடுக்கத்தான் போகிறது. கல்லூரிகள் எண்டார்ஸ்மென்ட் பெயருக்குத் தனி மதிப்புத் தருவதாக எங்கள் அனுபவத்தில் தெரியவில்லை. ஒரு பிள்ளையை வைத்துச் சொல்கிறேன், அவ்வளவுதான்.

பெரியவள் பதினொன்றில் மாறினாள். சைக்காலஜி அரை கிரெடிட், சோஷியாலஜி அரை கிரெடிட்: குறைந்த ஒன்று நிறைந்தது. ஜாவா புத்தகம் தம்பியின் அலமாரிக்குப் போயிருக்கிறது. அவன் படிவத்தில் மல்டிடிசிப்ளினரிக்கு நேரே டிக் அடித்தது நான்தான்.