6×42-ஆ, 3-9×40-ஆ: வேட்டை ரைஃபிளுக்கு எந்த ஸ்கோப்?

வேட்டை ரைஃபிளுக்கு ஸ்கோப், அதாவது குறிபார்க்கும் தொலைநோக்கி, தேடுகிறவர்களில் பெரும்பாலோர் கடைசியில் 3-9×40-இல் போய் நிற்பார்கள். மூன்று மடங்கிலிருந்து ஒன்பது மடங்கு வரை திருகிக்கொள்ளலாம், முன்வில்லை 40 மி.மீ., எடையும் அதிகமில்லை. குறை சொல்ல என்ன இருக்கிறது? நானும் அதைத்தான் வைத்திருந்தேன். இப்போது என் ரைஃபிளில் இருப்பது 6×42. உருப்பெருக்கம் ஆறோடு சரி, கூட்டவும் முடியாது குறைக்கவும் முடியாது. ஆக, என் சாய்வு எந்தப் பக்கம் என்பது தெரிந்துவிட்டது. அதை மனதில் வைத்துக்கொண்டே மேலே படியுங்கள்.

கண்ணாடியின் தெளிவு, நீர் புகாமை, உள்ளே பனி படியாமல் இருக்க நைட்ரஜன் நிரப்புவது, இவற்றிலெல்லாம் பெயர் பெற்ற தயாரிப்பாளர்களின் இரண்டு வகைகளுக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. மாறும் ஸ்கோப்பில் வில்லைகள் அதிகம். பூச்சில்லாத கண்ணாடிப் பரப்பு ஒவ்வொன்றும் ஒளியில் சுமார் 4 சதவீதத்தைத் திருப்பியடித்துவிடும் என்பதால் ஒரு காலத்தில் இது பெரிய விவாதமாக இருந்தது. இன்றைய பல அடுக்குப் பூச்சுகள் வந்தபின் அந்தச் சண்டைக்கு அர்த்தமில்லை.

வெளிச்சம் மங்கும் நேரம் மட்டும் கொஞ்சம் கணக்குப் போட வேண்டும். முன்வில்லையின் விட்டத்தை உருப்பெருக்கத்தால் வகுத்தால் கண்ணுக்கு வந்து சேரும் ஒளிக்கற்றையின் அகலம் கிடைக்கும். 6×42-இல் அது 7 மி.மீ.; இருட்டில் இளம் கண்ணின் பாவை விரிவதும் ஏறக்குறைய அவ்வளவுதான். 3-9×40-ஐ ஒன்பதில் வைத்தால் 4.4 மி.மீ. ஆகக் குறையும். ஆறுக்கு இறக்கினால் 6.7 ஆகிவிடும், பிறகு வித்தியாசமே தெரியாது. ஆனால் அந்தி நேரத்தில், மிருகம் வெளியே வந்து நிற்கும்போது, உருப்பெருக்க வளையத்தைத் திருக வேண்டும் என்ற நினைப்பு வர வேண்டுமே!

சரி, இதெல்லாம் ஓரத்து விஷயம். என்னை ஒரு பக்கம் தள்ளியது ஜீரோ, அதாவது குறிபார்த்த இடத்திலேயே தோட்டா விழும்படி ஸ்கோப்பைச் சரிசெய்து வைத்த நிலை. இன்று இலக்கு அட்டையில் பிடித்த ஜீரோ, அடுத்த மாதமும் அதே இடத்தில் இருக்குமா என்பதுதான் கேள்வி.

ஸ்கோப்பின் வெளிக்குழலுக்குள் இன்னொரு சிறிய குழல் இருக்கிறது. தலைகீழாக விழும் பிம்பத்தை நிமிர்த்தும் வில்லைகள் அதற்குள்தான் உள்ளன. ஸ்கோப்பின் மேலேயும் பக்கவாட்டிலும் இருக்கும் டரெட்களை, அதாவது குறியைச் சரிசெய்யும் குமிழ்களை, திருகும்போது நாம் நகர்த்துவது இந்த உள்குழலைத்தான். ஒரு பக்கம் டரெட்டின் திருகு தள்ளுகிறது, எதிர்ப்பக்கம் ஒரு ஸ்பிரிங் அதைத் திருப்பி அழுத்திப் பிடிக்கிறது. நம்முடைய ஜீரோ நம்பியிருப்பது இந்த ஸ்பிரிங்கைத்தான். ஒவ்வொரு வெடிக்கும் ரைஃபிள் பின்னால் உதைக்கிறது, வெளிக்குழல் அதோடு போகிறது, உள்குழலும் பிசகாமல் கூடவே போய்த் திரும்ப வேண்டும்.

எவ்வளவு பிசகினால் பிரச்சினை? முன்வில்லையின் குவியத் தூரத்தை 200 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். உள்குழலின் முன்முனை 0.06 மி.மீ. தள்ளி உட்கார்ந்தால், அதாவது ஒரு தலைமயிரின் பருமன் அளவு, 100 மீட்டரில் தோட்டா 3 செ.மீ. தள்ளி விழும். 250 மீட்டரில் 7.5 செ.மீ. நாம் டரெட்டில் திருகும் கால் நிமிடக் கிளிக் ஒன்று (நிமிடம் என்பது இங்கே கோண அளவு, ஒரு டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு) உள்ளே செய்யும் நகர்வு 0.015 மி.மீ. அளவுதான். இவ்வளவு நுணுக்கமான அமைப்பைத்தான் கனமான தோட்டாவின் உதைக்கும், வண்டியின் குலுக்கலுக்கும், பாறையில் ரைஃபிள் சாய்ந்து விழுவதற்கும் நாம் உட்படுத்துகிறோம். மானின் நெஞ்சுப்பகுதி பெரிய இலக்குதானே, 3 செ.மீ. என்ன பெரிய கணக்கு என்று கேட்கலாம். ஒருமுறை நகர்ந்து அங்கேயே நின்றால் கவலையில்லை, மறுபடி ஜீரோ பிடித்துவிடலாம். தளர்ந்த ஸ்பிரிங் அப்படி நிற்காது. இன்று வலப்பக்கம், நாளை கீழே என்று அலையும். சுட்டவர் தன் கையையும் மூச்சையும் சந்தேகித்துக்கொண்டிருப்பார். காயம்பட்ட மிருகம் புதருக்குள் போய்விடும்.

மாறும் ஸ்கோப்பிலும் இதே அமைப்புதான், கூடுதலாக ஒரு வேலை இருக்கிறது. உள்குழலைச் சுற்றி வளைவான காடிகள் வெட்டிய இன்னொரு உருளை உண்டு. வளையத்தைத் திருகினால் அந்தக் காடிகளின் வழியே வில்லைகள் முன்னும் பின்னும் நகரும். நகர இடைவெளி வேண்டும், இடைவெளி இருந்தால் ஆட்டமும் இருக்கும். அதை எவ்வளவு இறுக்கமாகச் செய்கிறார்கள் என்பதில்தான் நல்ல ஸ்கோப்புக்கும் மலிவானதற்கும் உள்ள தூரம். வேட்டை ஸ்கோப்புகள் பலவற்றில் குறுக்குக் கோடு இந்த நகரும் வில்லைகளுக்குப் பின்னால், இரண்டாம் குவியத் தளத்தில் இருக்கிறது. ஆகவே வில்லை அச்சிலிருந்து சற்று விலகி நகர்ந்தால் பிம்பம் கோட்டை விட்டு நகரும். ஒன்பதில் பிடித்த ஜீரோ மூன்றில் வேறாக இருக்கும். முதல் குவியத் தளத்தில், அதாவது அந்த வில்லைகளுக்கு முன்னால், கோடு உள்ளவற்றில் இந்தத் தொல்லை இல்லை, ஆனால் குறைந்த உருப்பெருக்கத்தில் கோடு மெலிந்து, புதர் நிழலில் காணாமல் போய்விடும்.

6×42-இல் அந்த உருளையும் இல்லை, காடியும் இல்லை, வளையமும் இல்லை. வளையம் இல்லாததால் அங்கே ஒரு ரப்பர் அடைப்பும் தேவையில்லை. கெட்டுப்போக இருக்கும் இடங்கள் குறைவு, அவ்வளவுதான் என் வாதம்.

இதற்காக மாறும் ஸ்கோப் எல்லாமே நம்பத்தகாதவை என்று சொல்ல மாட்டேன். நைட்ஃபோர்ஸ் போன்ற தயாரிப்பாளர்களின் மாறும் ஸ்கோப்புகள் ஜீரோ பிடிப்பதில் நல்ல பெயர் வாங்கியவை. அதற்கான விலையை எடையிலும் கொடுக்க வேண்டும், பணத்திலும் கொடுக்க வேண்டும். மலிவான 6×42 ஒன்று அவற்றின் பக்கத்தில் நிற்காது. நான் ஒப்பிடுவது ஏறக்குறைய ஒரே செலவில் கிடைக்கும் இரண்டை. நிலையான வகையிலும் எடை ஒரே மாதிரி இல்லை. லூப்போல்டின் எஃப்எக்ஸ்-3 6×42 நானூறு கிராமுக்குள் அடங்கும். எஸ்டபிள்யூஎஃப்ஏ-வின் 6×42 அரைக்கிலோவைத் தாண்டும், ஆனால் அடி தாங்குவதில் அதற்குத் தனி மரியாதை உண்டு. நாள் முழுக்க மலையேறுகிறவர் அந்த வித்தியாசத்தைத் தோளில் உணர்வார்.

எதை வாங்கினாலும் சோதித்துப் பாருங்கள். மூன்று தோட்டா சுட்டு, ஒன்றோடொன்று ஒட்டி விழுந்ததைப் பார்த்து மகிழ்வது சோதனை அல்ல. ஒரே வகைத் தோட்டாவில் பத்து சுட்டு அதன் நடுவைக் குறியுங்கள். அப்புறம் ரைஃபிளை வண்டியில் போட்டுக் கரடுமுரடான பாதையில் கொண்டுபோய் வந்து, வேறொரு நாளில் மீண்டும் பத்து. இரண்டு நடுக்களும் பொருந்த வேண்டும். மாறும் ஸ்கோப்பாக இருந்தால் மூன்றில் ஒரு தொகுப்பு, ஒன்பதில் ஒரு தொகுப்பு. ஸ்கோப்பைத் திட்டுவதற்கு முன், அதை ரைஃபிளோடு பொருத்தும் மவுன்டையும் பாருங்கள். அடித்தளத் திருகில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் அது மெல்லத் தளரும். ஸ்கோப்பைப் பிடிக்கும் மவுன்ட் வளையங்களின் திருகுகளைத் தயாரிப்பாளர் சொல்லும் அளவுக்கு முறுக்குவிசைக் கருவி வைத்தே முடுக்க வேண்டும். கூடுதலாக முடுக்கினால் வெளிக்குழல் நசுங்கி உள்குழலின் நகர்வையே தடுக்கும். ஜீரோ ஓடுவதாக வரும் புகார்களில் கணிசமானவை இங்கேயே தீர்ந்துவிடும்.

6×42 தோற்கும் இடமும் உண்டு. 100 மீட்டரில் அதில் தெரிவது சுமார் 6 மீட்டர் அகலம். 3-9-ஐ மூன்றில் வைத்தால் சுமார் 11 மீட்டர் தெரியும். அடர்ந்த புதரில், முப்பது நாற்பது மீட்டரில் பன்றி பாய்ந்து வந்தால் ஆறு மடங்கில் மயிர்தான் தெரியும், எந்தப் பகுதி என்று புரியாது. ஓடும் மிருகத்தைச் சுடுவதில் எனக்குப் பழக்கம் மிகக் குறைவு. அப்படி வேட்டையாடுகிறவர்கள் நிலையான நான்கு மடங்கையோ ஒன்றில் தொடங்கும் மாறும் ஸ்கோப்பையோ சொல்கிறார்கள், அவர்கள் பேச்சைக் கேளுங்கள். முந்நூறு மீட்டருக்கு மேல் சுடுவதிலும் என் அனுபவம் மெலிந்ததே. 250 வரை ஆறு போதாமல் போனதாக எனக்குத் தோன்றவில்லை என்பதற்கு மேல் நான் எதுவும் சொல்ல முடியாது. இன்னொரு சங்கடம், பல நிறுவனங்கள் நிலையான வகைகளைச் சுருக்கிவிட்டன. விரும்பியது புதிதாகக் கிடைக்காமல் போகலாம்.

கையில் ஏற்கெனவே நல்ல 3-9×40 இருந்தால் அதை விற்க வேண்டியதில்லை. வளையத்தை ஆறில் நிறுத்தி, அங்கேயே ஜீரோ பிடித்து, அங்கேயே விட்டுவிடுங்கள். உருப்பெருக்கம் மாறும்போது வரும் நகர்வாவது அதோடு போய்விடும். ஸ்பிரிங்கின் கதை ஸ்பிரிங்கைப் பொறுத்தது. குறுக்குக் கோட்டில் தூரத்துக்கான அளவுக் கோடுகள் இருந்தால் மட்டும் ஒரு எச்சரிக்கை. இரண்டாம் குவியத் தளத்தில் அவற்றின் அளவு பெரும்பாலும் உச்ச உருப்பெருக்கத்துக்கே பொருந்தும். ஒன்பதுக்குக் கணக்கிட்ட கோடு, ஆறில் ஒன்றரை மடங்கு இடைவெளியைக் காட்டும். அதை அட்டையில் சுட்டுப் பார்த்து, எந்தக் கோடு எத்தனை மீட்டர் என்று எழுதி ரைஃபிளின் கட்டையில் ஒட்டிக்கொள்ளலாம்.