வலது பக்கம் பிடுங்கினேன், இடது பக்கம் காப்பாற்றினேன்

கடைவாய்ப் பல் வலிக்கிறது, பிடுங்கிவிடலாமா, உள்ளே கெட்ட நரம்பை எடுத்துச் சுத்தம் செய்து அடைக்கிற ரூட் கெனால் செய்யலாமா என்று காரைக்குடியில் யார் கேட்டாலும் நான் என் வாயைத் திறந்து காட்டிவிடுவேன். இரண்டையும் நான் பார்த்தாயிற்று. 2017-இல் கீழ் வலது கடைவாய்ப் பல்லைப் பிடுங்கினேன். 2022-இல் அதற்கு நேர் இடது பக்கத்துப் பல்லுக்கு ரூட் கெனால் செய்து, பல்லை மூடும் உறையான கேப் போட்டேன். முடிந்தவரை பல்லைக் காப்பாற்றுங்கள் என்பதுதான் என் கட்சி.

நான் வீட்டில் பலகாரம் போட்டு விற்பவள். தேன்குழலோ சீடையோ, முதல் ஈட்டில் ஒன்றைக் கடித்துப் பார்த்தால்தான் பதம் தெரியும். அதனால் பல் எனக்குத் தொழிலும்கூட.

முதலில் வலி. பிடுங்குவது சீக்கிரம் முடிந்துவிடும். ஊசி போட்டு மரத்த பிறகு அழுத்தம் மட்டும்தான் தெரியும். பஞ்சைக் கடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடலாம். ஒரு நாள் கொப்பளிக்கக் கூடாது, துப்பக் கூடாது. உறைந்த ரத்தம் பெயர்ந்துவிட்டால் எலும்பு வரை வலிக்கும்.

ரூட் கெனாலுக்கு மூன்று தடவை போனேன். அதிலும் முதல் நாள் சிரமம்தான், மறைக்க மாட்டேன். கிராம்பு எண்ணெய்க்கு அடங்காமல் இரண்டு இரவு தூங்காமல் இருந்துவிட்டுப் போயிருந்தேன். அவ்வளவு வீங்கித் துடிக்கிற நரம்புக்கு ஊசி மருந்து சரியாகப் பிடிக்காது. உதடு மரத்துவிட்டது, ஆனால் பல்லுக்குள் ஊசிபோன்ற கம்பி பட்டதும் காது வரை சுரீர் என்றது. டாக்டரம்மா ஆரம்பத்திலேயே, “ஆச்சி, வலிச்சா இடது கையைத் தூக்குங்க, நிறுத்திடுறேன்” என்று சொல்லியிருந்தார். தூக்கினேன், நிறுத்தினார். பல்லுக்குள்ளேயே இன்னொரு ஊசி போட்டார். ஒரு நொடி உயிர் போனது, அப்புறம் அந்தப் பல் இருக்கிற இடமே தெரியவில்லை. அன்று இரவு நிம்மதியாகத் தூங்கினேன். அடுத்த இரண்டு தடவையும் வாயைத் திறந்து வைத்திருந்ததில் தாடை வலித்ததே தவிர வேறொன்றும் இல்லை.

அடுத்து பணம். 2017-இல் நான் போன இடத்தில் ரூட் கெனால் 3,500 என்றார்கள். கேப் அதில் சேராது என்பதை நான் துருவிக் கேட்ட பிறகுதான் சொன்னார்கள். நம்பிக்கை விட்டுப்போய், “பிடுங்கிடுங்க” என்று 600 ரூபாயைக் கொடுத்துவிட்டு வந்தேன். பிடுங்கினால் பின்னால் என்ன ஆகும் என்று அங்கே யாரும் சொல்லவில்லை. அந்த வருத்தம் எனக்கு இன்னும் உண்டு.

2022-இல் இடது பக்கத்துக்கு ரூட் கெனால் 4,000, உலோகத்தின் மேல் பீங்கான் பூசிய கேப் 4,500, ஆக 8,500 ஆனது. 600 எங்கே, 8,500 எங்கே என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். ஆனால் அந்த 600-ஓடு கணக்கு முடியவில்லை. நான் இவ்வளவு எழுதுவதே அதற்காகத்தான்.

பல் போன இடம் சும்மா இருப்பதில்லை. ஒரே வருடத்தில் அந்த இடைவெளியில் சோறும் கறித்துணுக்கும் தங்க ஆரம்பித்தன. பின்னால் இருந்த பல், தாங்கல் இல்லாததால் முன்பக்கமாகச் சாய்ந்தது. மேலே இருந்த பல், கடிக்க எதிர்ப்பல் இல்லாமல் கீழே இறங்கியது. 2022-இல் எக்ஸ்ரே எடுத்தபோது டாக்டரம்மா அந்தப் படத்தில் பேனா முனையை வைத்துச் சாய்வைக் காட்டினார். நேராக நிற்க வேண்டிய பல் பழைய வேலிக்கல் மாதிரி சரிந்திருந்தது. அதற்கும் பக்கத்துப் பல்லுக்கும் நடுவே சொத்தை. அதை அடைக்க 1,200. இனி அந்த இடத்தில் பிரிட்ஜ், அதாவது பக்கத்துப் பற்களில் தாங்கி நிற்கும் பொய்ப்பல், கட்ட வேண்டும் என்றால் இரண்டு பக்கத்துப் பற்களையும் செதுக்கித்தான் மாட்ட முடியும். முன்பக்கத்துப் பல்லில் எந்தக் குறையும் இல்லை, அதையும் செதுக்க வேண்டும். மூன்று பல் கணக்கு, 12,000. கீழே இறங்கிய மேல்பல்லையும் கொஞ்சம் தேய்க்க வேண்டுமாம். கட்டிய பிறகும் பிரிட்ஜுக்கு அடியில் சின்ன பிரஷ் விட்டுத் தினமும் சுத்தம் செய்யாவிட்டால் தாங்கும் பற்கள் சொத்தையாகும்.

இடது பக்கத்துக்கு அப்படி எந்தத் தனிப் பராமரிப்பும் இல்லை. மற்ற பல்லைப் போலத்தான் துலக்குகிறேன். கேப் மட்டும் கட்டாயம். ரூட் கெனால் செய்த கடைவாய்ப் பல்லில் பெரும்பாலும் நிறைய இடம் அடைப்புதான் இருக்கும், கேப் இல்லாமல் கடித்தால் பிளந்துவிடலாம். காசை மிச்சம் பிடிக்கிறேன் என்று கேப்பைத் தள்ளிப்போடாதீர்கள், போட்ட பணமும் போய்விடும். என் கேப் எத்தனை வருடம் வரும் என்று இப்போதே அடித்துச் சொல்ல முடியாது, இதுவரை குறை இல்லை. தாடை எலும்பில் திருகு பதித்து அதன் மேல் பல் வைக்கும் இம்பிளான்ட் நான் வைத்துக்கொண்டதில்லை. எனக்குச் சொன்ன விலை ஒரு பல்லுக்கு 30,000, அத்தோடு விட்டுவிட்டேன்.

பிடுங்குவதே சரியான இடங்களும் உண்டு. இடமில்லாமல் கோணிக்கொண்டு வரும் ஞானப்பல், வேர் வரை பிளந்த பல், ஈறு கெட்டு ஆடும் பல், இவற்றைப் பிடித்து வைப்பதில் பயனில்லை. கையில் பணமே இல்லை என்றால் அரசு மருத்துவமனையில் காட்டுங்கள். 2023-இல் புதுக்கோட்டையில் அரசு பல் மருத்துவக் கல்லூரியே வந்துவிட்டது. காரைக்குடியிலிருந்து திருமயம் வழியாகப் பஸ் இருக்கிறது.

டாக்டரிடம் நாற்காலியில் சாய்வதற்கு முன்பே பேசிவிடுங்கள், வாயில் பஞ்சு வைத்த பிறகு பேச முடியாது. 2022-இல் நான் கேட்டது இதுதான்: “கேப்போட சேர்த்து மொத்தம் எவ்வளவும்மா? எழுதிக் கொடுத்துருங்க.” சீட்டின் பின்பக்கத்திலேயே எழுதிக் கொடுத்தார். மூன்று தடவையாகப் பிரித்துக் கொடுக்கலாமா என்று கேட்டேன், தயங்காமல் சரி என்றார். சர்க்கரையோ ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் மாத்திரையோ இருந்தால் அதையும் அப்போதே சொல்லிவிட வேண்டும். எழுதித் தரத் தயங்கும் இடத்தில் நான் இனி உட்கார மாட்டேன்.

வலது பக்கத்து பிரிட்ஜுக்கும் அதே மாதிரி ஒரு சீட்டு வாங்கி வைத்திருக்கிறேன். தீபாவளி ஆர்டர் பணம் வந்ததும் போக வேண்டும். அதுவரை சீடையை இடது பக்கம்தான் கடித்துப் பார்க்கிறேன்.