50 ஏஎச் என்று வாங்கிய பெட்டிக்குள் 24 ஏஎச்சும் இரண்டு டைல்ஸ் துண்டுகளும்

சேலத்தில் இன்வெர்ட்டர், சோலார், மின்சார ஸ்கூட்டர் ஆகியவற்றுக்கான பேட்டரிகளை விற்கும் ஒரு கடையில், சென்ற ஆனி மாதம், 12 வோல்ட் 50 ஏஎச் (ஆம்பியர்-மணி; பேட்டரியின் கொள்ளளவு) லித்தியம் பேட்டரி ஒன்றையும், '55 பவுண்டு' உந்துவிசை என்று ஒட்டப்பட்ட ட்ரோலிங் மோட்டார் (சிறு படகைத் தள்ளும் மின் மோட்டார்) ஒன்றையும் சேர்த்து 38,500 ரூபாய்க்கு வாங்கினேன். பேட்டரியில் சொன்னதில் பாதிகூட இல்லை. மோட்டாரின் விசையும் ஏறத்தாழப் பாதிதான். இவ்விரண்டையும் கண்டுபிடிக்க எனக்கு ஏழு வாரங்களும் நட்டாற்றில் விட்டதுபோன்ற ஒரு மாலைப்பொழுதும் தேவைப்பட்டன. ஃப்ளோட் டியூப் என்னும் மீன்பிடி மிதவைக்காக இத்தகைய பொருள்களைத் தேடும் நண்பர்கள் இப்போது சேலத்தில் பெருகி வருவதால், நடந்ததை வரிசையாக எழுதி வைக்கிறேன். கடையின் பெயரை எழுதப்போவதில்லை. அதற்கான காரணம் பின்னால் தெரியும்.

ஃப்ளோட் டியூபை அறியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. நம் ஊர் ஏரிகளில் லாரி டியூபின் மேல் பலகை கட்டி உட்கார்ந்து வலை விடுகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். அதையே நாற்காலி, முதுகுச் சாய்வு, தூண்டில் வைக்கும் பை ஆகியவற்றோடு செய்து விற்றால் அதுதான் ஃப்ளோட் டியூப். கால்கள் இரண்டும் தண்ணீருக்குள் தொங்கும்; வாத்துக் கால் போன்ற ரப்பர் துடுப்புகளை மாட்டிக்கொண்டு உதைத்து உதைத்துப் பின்னோக்கி நகர வேண்டும். ஏற்காட்டில் ஒரு காப்பித் தோட்டத்தின் குட்டையில், உரிமையாளரின் அனுமதியோடு, இரண்டு ஆண்டுகளாக இப்படித்தான் ஜிலேபியும் கெண்டையும் பிடித்து வந்தேன். அது சிறிய குட்டை என்பதால் கால்களே போதுமானவையாக இருந்தன. ஓமலூர்ப் பக்கம் என் மைத்துனர் மீன் வளர்க்கக் குத்தகைக்கு எடுத்த பெரிய ஏரியில் இறங்கலாம் என்ற வாய்ப்பு வந்தபோதுதான் மோட்டார் ஆசை பிறந்தது.

முதலில் நான் நினைத்தது வீட்டில் கிடந்த கார் பேட்டரியை. அது வேண்டாம் என்று முடிவு செய்தது சரியான முடிவே. கார் பேட்டரி இன்ஜினை முடுக்கச் சில நொடிகள் மட்டும் பெரும் மின்னோட்டம் தருவதற்காக மெல்லிய தகடுகளோடு செய்யப்படுவது; அதை அடிவரை வடித்து வடித்து ஏற்றினால் சில மாதங்களில் செத்துவிடும். மேலும், ஈய அமில பேட்டரியின் மேல் எழுதியிருக்கும் ஏஎச் பெரும்பாலும் 20 மணி நேரக் கணக்கு. 35 ஏஎச் என்றால் ஒன்றே முக்கால் ஆம்பியர் வீதம் 20 மணி நேரம் தரும் என்பதே பொருள். அதிலிருந்து 30 ஆம்பியர் இழுத்தால் ஒரு மணி நேரம்கூடத் தாங்காது. வீட்டு இன்வெர்ட்டரின் டியூபுலர் பேட்டரி ஆழ வடிவதைத் தாங்கும், ஆனால் 150 ஏஎச் என்றால் 50 கிலோவுக்கு மேல் எடை. அதைத் தூக்கி டியூபில் வைத்தால் முதலில் மூழ்குவது நானாகத்தான் இருப்பேன். ஆகவே லித்தியம் அயர்ன் பாஸ்பேட் என்ற முடிவுக்கு வந்தேன். 3.2 வோல்ட் செல்கள் நான்கு தொடராகச் சேர்ந்து 12.8 வோல்ட், 50 ஏஎச் பெட்டி 5 முதல் 6 கிலோதான் இருக்கும்.

இந்த அளவுக்குப் படித்துக்கொண்டுதான் கடைக்குப் போனேன். ஏமாந்தவன் ஒன்றும் தெரியாமல் போனான் என்று யாரும் எண்ண வேண்டாம். பாதி தெரிந்துகொண்டு போனதால்தான் ஏமாந்தேன். கடைக்காரர் மல்டிமீட்டரை வைத்து 13.3 வோல்ட் காட்டினார். "பாருங்க சார், ஃபுல் சார்ஜுங்க" என்றார். மோட்டாரை மேசை ஓரத்தில் மாட்டி ஓட்டிக் காட்டினார். விசிறி 'விர்'ரென்று சுற்றியது. "ஏனுங்க சார், படகையே தள்ளுற மோட்டாருங்க, உங்க டியூபு எம்மாத்திரம்?" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். தராசு கேட்டு பேட்டரியை எடை போட்டேன். 6 கிலோ 100 கிராம். நான் படித்த கணக்கோடு அச்சாகப் பொருந்தியது. அந்த மகிழ்ச்சியில், ஜிஎஸ்டி எண் உள்ள பில்லுக்குப் பதிலாக அவர் நீட்டிய 'எஸ்டிமேட்' சீட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன்.

அந்த மூன்று சோதனைகளிலும் ஒன்றுகூடச் சோதனையே அன்று என்பதை இப்போது சொல்கிறேன். இந்த வகை லித்தியம் செல்லின் வோல்ட் ஏறத்தாழ முழுவதுமாக வடியும் வரை தட்டையாகவே நிற்கும், 13.3 வோல்ட் என்பது சார்ஜ் இருக்கிறது என்று சொல்லுமே தவிர, எவ்வளவு பெரிய பாத்திரத்தில் இருக்கிறது என்று சொல்லாது. செம்பும் அண்டாவும் விளிம்புவரை நிறைந்திருந்தால் மேலிருந்து பார்க்க இரண்டும் நிறைகுடம்தான். காற்றில் சுற்றும் விசிறிக்கு எதிர்ப்பு இல்லாததால் மோட்டார் மிகக் குறைந்த மின்சாரமே இழுக்கும். பேட்டரியின் உண்மை அங்கே வெளிப்படாது. எடையைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

முதல் சில வாரங்கள் ஏற்காட்டுக் குட்டையில் இரண்டாம், மூன்றாம் வேகத்தில் மட்டும் ஓட்டினேன்; குறை எதுவும் தெரியவில்லை. ஐந்தாம் வேகத்தில் வைத்த ஒருமுறை மட்டும் சில நொடிகளில் நின்றது. சுவிட்சை அணைத்துப் போட்டதும் மறுபடி ஓடியது. தொலைபேசியில் கேட்டபோது, "பாசி சுத்தியிருக்கும் சார்" என்றார் கடைக்காரர். விசிறியில் உண்மையாகவே கொஞ்சம் பாசி இருந்ததால் நானும் நம்பிவிட்டேன்.

ஆடி மாதம் ஓமலூர் ஏரியில் இறங்கினேன். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்று தெரிந்தும், மோட்டார் இருக்கும் தைரியத்தில் நடு ஏரி வரை போனேன். காற்று எதிராகத் திரும்பியது. முழு வேகத்தில் வைத்தால் நின்றது. வேகத்தைக் குறைத்தால் காற்று என்னைப் பின்னுக்குத் தள்ளியது. நிறுத்தி, அணைத்து, போட்டு, மறுபடி நின்று, இப்படியே அரை மணி நேரம் போராடிய பிறகு எதுவும் வேலை செய்யவில்லை. வீட்டிலிருந்து முழுதாக ஏற்றிக்கொண்டு வந்த பேட்டரி அது. உயிர்காப்பு உடுப்பு அணிந்திருந்தேன். துடுப்புகளைக் கழற்றாமல் இருந்தேன். இவ்விரண்டும்தான் என்னைக் கரை சேர்த்தன. சுமார் 400 மீட்டர் தூரத்தை ஒன்றேகால் மணி நேரம் உதைத்துக் கடந்து, ஆகாயத் தாமரைக்குள் சிக்கி, மைத்துனர் பரிசலில் வந்து கயிறு கட்டி இழுத்துப் போட்டபோது இருட்டிவிட்டது. அடுத்த இரண்டு நாட்கள் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டு மாடிப்படி ஏற முடியவில்லை. கெண்டை மீனுக்காகப் போய்க் கெண்டைக்காலோடு திரும்பியவன் என்று வீட்டில் இன்றும் கேலி உண்டு.

கடைக்கு எடுத்துச் சென்றேன். மறுபடி அதே மல்டிமீட்டர், அதே 13.3 வோல்ட். "பேட்டரி நல்லாத்தான் இருக்குங்க, நீங்க மோட்டாரை ரொம்ப நேரம் ஃபுல்லுல வச்சிருப்பீங்க" என்றார். முழு வேகத்தில் வைக்கக் கூடாது என்றால் முழு வேகம் எதற்கு என்று கேட்டதற்குப் பதில் வரவில்லை.

சீலநாயக்கன்பட்டியில் வண்டிகளுக்கு எலக்ட்ரிக்கல் வேலை பார்க்கும் பட்டறை வைத்திருக்கும் நண்பரிடம் போனேன். நான் எடை போட்டு வாங்கிய பெருமையைச் சொன்னதும் அவர், "அண்ணா, எடை போட்டு வாங்கறது பழைய இரும்புக் கடைக்காரன் வேலை. பேட்டரின்னா எரிச்சுப் பாத்துத்தான் வாங்கணும்" என்றார். பழைய ஹெட்லைட் பல்புகள், 12 வோல்ட் 55 வாட், நான்கை இணையாகக் கட்டினார். நேர் மின்சாரம் அளக்கும் கிளாம்ப் மீட்டரை மாட்டினார் (வீட்டு வயரிங் செய்பவர்களிடம் இருக்கும் சாதாரணக் கிளாம்ப் மீட்டர்களில் பல ஏசி மட்டுமே அளக்கும்; கேட்டு வாங்க வேண்டும்). 18 ஆம்பியர் காட்டியது. 50 ஏஎச் உண்மையானால் பல்புகள் இரண்டே முக்கால் மணி நேரம் எரிய வேண்டும். இரண்டு டீ குடித்து முடிப்பதற்குள், சரியாக 72 நிமிடத்தில், நான்கும் ஒன்றாக அணைந்தன. கணக்குப் போட்டால் 22 ஏஎச்சுக்குக் கொஞ்சம் கீழே.

அந்தக் காணொளியைக் கடைக்காரருக்கு அனுப்பினேன். மூன்று நாட்கள் பதில் இல்லை. நான்காம் நாள் நண்பர் கைப்பேசியில் படம் பிடித்துக்கொண்டிருக்க, பெட்டியைத் திறந்தோம். பெரிய டார்ச் செல்லைப் போலப் பருத்த உருளை செல்கள், ஒவ்வொன்றின் மேலும் 6 ஏஎச் என்று அச்சிட்டவை, 16 இருந்தன. தொடராக நான்கு, இணையாக நான்கு; புதிதாகவே இருந்தாலும் 24 ஏஎச்சுக்கு மேல் தர வழியில்லை. 48 ஏஎச் வர வேண்டுமானால் 32 செல்கள் இருக்க வேண்டும். மீதி இடத்தில் தெர்மாகோல். அதனடியில், சிமென்ட் பூசி ஒட்டிய இரண்டு டைல்ஸ் துண்டுகள். எடை ஏன் அச்சாகப் பொருந்தியது என்பது அப்போதுதான் விளங்கியது. என்னைப் போல அரைகுறையாகப் படித்துவிட்டு வருகிறவர்கள் தராசு கேட்பார்கள் என்பது அவருக்கோ, அவருக்குச் செய்து கொடுத்தவருக்கோ முன்பே தெரிந்திருக்கிறது.

முழு வேகத்தில் நின்றதற்கும் காரணம் உள்ளேயே இருந்தது. அளவுக்கு மீறி மின்னோட்டம் இழுத்தால் இணைப்பைத் துண்டித்துச் செல்களைக் காக்கும் பிஎம்எஸ் பலகையில் 20 ஆம்பியர் என்று எழுதியிருந்தது. இத்தகைய 12 வோல்ட் மோட்டார்களில், ஒரு பவுண்டு உந்துவிசைக்கு ஏறத்தாழ ஓர் ஆம்பியர் என்பது கைக்கணக்கு. 30 பவுண்டு மோட்டார் முழு வேகத்தில் 30 ஆம்பியர் இழுக்கும். 55 என்றால் 50. கடைக்காரர் சொன்னதை முழுவதும் உண்மை என்று வைத்துக்கொண்டாலும், 50 ஆம்பியர் கேட்கும் மோட்டாருக்கு 20 ஆம்பியரில் கதவடைக்கும் பேட்டரியை ஜோடி சேர்த்து விற்றிருக்கிறார். 'இதன் பிஎம்எஸ் தொடர்ந்து எத்தனை ஆம்பியர் தாங்கும்?' என்ற ஒரே கேள்வியை அன்று கேட்டிருந்தால் பாதிக் கதை அங்கேயே முடிந்திருக்கும்.

சந்தேகம் வந்த பிறகு மோட்டாரை மட்டும் ஏன் விட வேண்டும்? நல்ல பேட்டரி ஒன்றை இரவல் வாங்கி, ஏற்காட்டுக் குட்டையில் டியூபைக் கரையோரச் சில்வர் ஓக் மரத்தில் கயிற்றால் கட்டி, நடுவில் தொங்கு தராசு மாட்டி முழு வேகத்தில் இழுக்க விட்டோம். 55 பவுண்டு என்றால் 25 கிலோ காட்ட வேண்டும். காட்டியது 13, மின்னோட்டம் 29 ஆம்பியர். அதாவது அது 30 பவுண்டு மோட்டார். மேல் ஸ்டிக்கரை உரித்தால் அடியில் வேறொன்றைச் சுரண்டிய தடம். இங்கே ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும்: ஃப்ளோட் டியூபுக்கு 30 பவுண்டே தாராளம். உண்மையான 55 பவுண்டு மோட்டாரை மாட்டியிருந்தால் எடையும் கூடி, பேட்டரியும் இன்னும் விரைவில் தீர்ந்திருக்கும். ஏமாற்றியவர் அறியாமலே சரியான மோட்டாரைத் தந்திருக்கிறார், விலைதான் தவறு.

அவர் இலவசமாகக் கொடுத்த இரண்டு மீட்டர் வயரும் அப்படியே. கத்தியால் சுரண்டினால் மேலே செம்பு நிறம், உள்ளே வெள்ளை; செம்பு பூசிய அலுமினியம். பேட்டரி முனையில் 12.7 வோல்ட் இருக்கும்போது மோட்டார் முனையில் 11.4 தான் வந்தது; மீதி வயரைச் சூடாக்குவதில் போயிற்று. 6 சதுர மில்லிமீட்டர் செம்பு வயருக்கு மாற்றிய பிறகு இழப்பு 0.3 வோல்ட்டாகக் குறைந்தது. இந்தச் செலவு சில நூறு ரூபாய்தான். பேட்டரி முனைக்கு அருகிலேயே 40 ஆம்பியர் ஃபியூஸ் ஒன்றும் சேர்த்துவிட்டேன்.

படங்களோடு நேரில் போனபோது கடைக்காரர் சொன்னது: "பிரிச்சுட்டீங்க சார், இனி வாரண்டி இல்லைங்க." பிறகு, நான் எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்ததால், 3,000 ரூபாய் தருவதாகச் சொன்னார். மறுத்துவிட்டேன். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிவு செய்திருக்கிறேன். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி இரண்டு ஆண்டுகளுக்குள் மாவட்ட ஆணையத்தில் முறையிடலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை. நாம் வசிக்கும் மாவட்டத்திலேயே மனு கொடுக்கலாம். என் இடர்ப்பாடு வேறு. எஸ்டிமேட் சீட்டில் கடைப் பெயர் இல்லை. கைப்பேசியில் செலுத்திய பணம் வேறொருவர் கணக்குக்குப் போயிருக்கிறது. மனு எழுதி முடியும் வரை பெயரை வெளியே சொல்ல வேண்டாம் என்று வழக்கறிஞர் அறிவுறுத்தியிருப்பதால்தான் இங்கும் சொல்லவில்லை.

சென்ற வாரம் வேறொரு கடையில் 50 ஏஎச் பேட்டரி வாங்கினேன், 60 ஆம்பியர் பிஎம்எஸ், முறையான பில். நான்கு பல்புகளையும் பையில் எடுத்துச் சென்றிருந்தேன். எரித்துப் பார்த்துத்தான் பணம் தருவேன் என்றதற்கு அந்தக் கடைக்காரர் முகம் சுளிக்கவில்லை. வாசலில் ஒரு ஸ்டூல் போட்டுக் கொடுத்தார். பல்புகள் இரண்டு மணி 41 நிமிடம் எரிந்தன. அதற்குள் அவ்வழியாகப் போன மூன்று பேர், பட்டப்பகலில் நான் ஏன் ஹெட்லைட் எரித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன் என்று விசாரித்துவிட்டுப் போனார்கள்.