எட்டில் நாலு சரி: ஒரு கனடா கன்சல்டன்சி நோட்டீஸும் அதன் பின்னாலிருக்கும் சேவையும்

புதுச்சேரி நூறடி சாலையிலோ காமராஜர் சாலையிலோ நாலு மாடிப்படி ஏறி இறங்கினால் அதில் ஒன்றிலாவது வெளிநாட்டுப் படிப்பு கன்சல்டன்சி இருக்கும். கடலூர் மஞ்சக்குப்பத்துக்கும் அது வந்துவிட்டது. டொரோண்டோ, வான்கூவர் வாடகையைக் கேட்டு பெற்றோர் பின்வாங்கியதும் இவர்கள் இப்போது காட்டுவது கனடாவின் நடுவிலுள்ள புல்வெளி மாகாணங்களை: மானிடோபா, சஸ்காச்சுவான், ஆல்பர்ட்டா. இங்கே பார்க்கப்போவது அப்படியொரு மையத்தின் சேவையையும் அது கையில் திணிக்கும் நோட்டீஸையும். மையத்தின் பெயர் தேவையில்லை. லோகோவை மட்டும் மாற்றி இதே நோட்டீஸை வேறு மையங்களும் கொடுக்கின்றன.

நோட்டீஸ் சஸ்காட்டூன் நகரிலுள்ள சஸ்காச்சுவான் பல்கலைக்கழகத்துக்கானது. 1907இல் தொடங்கிய நல்ல அரசுப் பல்கலைக்கழகம், அதில் சந்தேகமில்லை. ‘உலகை மாற்றிய எங்கள் மாணவர்கள்’ என்று போட்டு எட்டு முகங்கள். பெயர் பெயராகச் சரிபார்த்தால் பாதிதான் தேறுகிறது.

ஜான் டீஃபன்பேக்கர், சரி. 1915இல் பி.ஏ., 1916இல் எம்.ஏ., 1919இல் சட்டம், மூன்றும் அங்கேதான். 1957 முதல் 1963 வரை கனடாவின் பிரதமர். பிறகு அதே பல்கலைக்கழகத்தின் வேந்தராகவும் இருந்தார். அவரை அடக்கம் செய்ததும் அந்த வளாகத்தில்தான்.

ஹென்றி டாபே, இதுவும் சரி. ஆனால் நோட்டீஸ் சொல்லும் விதம் தப்பு. ‘எங்கள் ஆய்வகத்திலிருந்து நோபல்’ என்று போட்டிருக்கிறார்கள். டாபே அங்கே வாங்கியது 1935இல் பி.எஸ்சி., 1937இல் எம்.எஸ்சி. முனைவர் பட்டம் 1940இல் பெர்க்லியில். 1983இல் வேதியியல் நோபல் கிடைத்தது உலோகச் சேர்மங்களுக்கிடையே எலக்ட்ரான் எப்படித் தாவுகிறது என்ற ஆய்வுக்கு. அந்த வேலை சிகாகோவிலும் ஸ்டான்ஃபோர்டிலும் நடந்தது. சஸ்காட்டூன் கொடுத்தது அஸ்திவாரம். அதுவே பெரிய விஷயம், அதை அப்படியே சொல்லியிருக்கலாம்.

கெர்ஹார்ட் ஹெர்ஸ்பெர்க், தப்பு. 1971 வேதியியல் நோபல் அவருடையதுதான். ஆனால் அவர் அங்கே படித்தவரே இல்லை. ஜெர்மனியில் முனைவர் பட்டம் முடித்து, மனைவி யூதர் என்பதால் ஹிட்லர் ஆட்சியில் அங்கே வேலை செய்ய முடியாமல், 1935இல் சஸ்காட்டூனுக்குப் பேராசிரியராக வந்தார். 1945இல் கிளம்பிவிட்டார். வாத்தியாரை மாணவர் பட்டியலில் சேர்ப்பதுதான் இந்த நோட்டீஸ்களில் அடிக்கடி வரும் பிழை. ஆசிரியர், மாணவர் எல்லோரையும் ஒரே பக்கத்தில் ‘தொடர்புடையவர்கள்’ என்று இணையத்தில் போட்டிருப்பார்கள். அங்கிருந்து அள்ளும்போது இது நடக்கிறது.

சில்வியா ஃபெடோரக், சரி. எட்டு பேரில் அதிக இடம் கொடுத்திருக்க வேண்டியவர் இவர்தான். நோட்டீஸில் ஒரே வரி, அதுவும் ‘விஞ்ஞானி’ என்று மட்டும். 1949இல் பி.ஏ., 1951இல் இயற்பியலில் எம்.ஏ. ஹெரால்ட் ஜான்ஸ் தலைமையில் கோபால்ட்-60 கதிரைப் புற்றுநோய்க்குப் பயன்படுத்திய சஸ்காட்டூன் குழுவில் இருந்தார். எவ்வளவு ஆழத்தில் எவ்வளவு கதிர் சேர்கிறது என்ற அளவீடு இல்லாமல் அந்தச் சிகிச்சையை நோயாளிக்குக் கொடுக்க முடியாது. குழு செய்த முக்கியமான வேலை அந்த அளவீடு. 1951இல் அங்கே முதல் நோயாளிக்குச் சிகிச்சை நடந்தது. நம் ஊரில் ‘கரண்ட் வைக்கிறாங்க’ என்று சொல்கிறோமே, அதில் கோபால்ட் மெஷின் உலகம் முழுக்கப் பரவியதற்கு இந்தத் தொடக்கம் ஒரு காரணம். இந்தியாவிலேயே செய்த ‘பாபாட்ரான்’ மெஷினிலும் இருப்பது அதே கோபால்ட்-60தான். ஃபெடோரக் பின்னாளில் மாகாணத்தின் துணைநிலை ஆளுநரானார், 1988 முதல் 1994 வரை. பனிமேல் கல்லைத் தள்ளி விளையாடும் கர்லிங்கில் தேசிய சாம்பியன் அணியிலும் ஆடியவர். ஜிப்மர் இருக்கிற ஊரில் மெடிக்கல் ஃபிசிக்ஸ் படிக்க நினைக்கும் பிள்ளைக்கு இந்த ஒரு பெயர் போதும்.

கீத் டௌனி, சரி. 1950இல் வேளாண்மைப் பட்டம், 1952இல் எம்.எஸ்சி. முனைவர் பட்டம் கார்னெல்லில். சூப்பர் மார்க்கெட்டில் கடலை எண்ணெய்க்குப் பக்கத்தில் இருக்கும் கனோலா எண்ணெய்க்கு இரண்டு பேரைத் தந்தை என்பார்கள், அதில் ஒருவர். மற்றவர் மானிடோபா பல்கலைக்கழகத்தின் பால்டுர் ஸ்டெஃபான்சன். கனோலா கடுகின் இனம்தான். கனோலாவுக்கு மூலமான பழைய ரேப்சீட் எண்ணெயில், உடலுக்கு ஆகாது என்று கருதப்பட்ட எரூசிக் அமிலம் மிக அதிகம். கனோலாவில் அது 2 சதவீதத்துக்குக் கீழே. டௌனி கையாண்ட உத்தி எளிமையானது: சின்ன விதையை இரண்டாக்கி, ஒரு பாதியின் எண்ணெயைப் பகுப்பாய்வு செய்வது. அமிலம் குறைவாக இருந்தால் முளைக்கரு இருக்கும் மறு பாதியை நட்டு வளர்ப்பது. வேளாண்மை முடித்தவர்கள் இந்தப் பெயரில் நின்று யோசிக்கலாம். ரேஷனில் துவரம்பருப்புக்குப் பதிலாக வந்த கனடா மஞ்சள் பருப்பு ஞாபகம் இருக்கிறதா? பருப்புப் பயிர், எண்ணெய் வித்து, நெல்லிக்குப்பம் கரும்புக்குப் போடும் பொட்டாஷ், இவை மூன்றும் சஸ்காச்சுவானின் பிழைப்பு. அங்கே எந்தத் துறை வலுவாக இருக்கும் என்பதைப் பிரதமர் படத்தைவிட இது தெளிவாகச் சொல்கிறது.

ஜோனி மிட்செல், தப்பு. பாடகி வளர்ந்தது சஸ்காட்டூனில். ஓவியம் படிக்கப் போனது கால்கரியில் ஒரு கலைக் கல்லூரிக்கு. ஊர்க்காரரை மாணவராக்கிய கணக்கு இது.

ஜேம்ஸ் காஸ்லிங், தப்பு. ஜாவா மொழியை உருவாக்கியவர். பி.எஸ்சி. வாங்கியது 1977இல் கால்கரி பல்கலைக்கழகத்தில். மாகாணமே வேறு. ஊடக ஆய்வாளர் மார்ஷல் மக்லூஹனும் அப்படித்தான்: 1933இல் பி.ஏ., 1934இல் எம்.ஏ., இரண்டும் வின்னிபெக்கின் மானிடோபா பல்கலைக்கழகத்தில். ‘ஊடகமே செய்தி’ என்றவரின் பெயரை ஊர் மாற்றி அச்சடித்த ஊடகம் இது.

ஆக, எட்டில் நாலு. பிழையைச் சுட்டினால் கவுன்டரில் வரும் பதில், ‘எல்லாம் கனடாதானே சார்’. கால்கரிக்கும் சஸ்காட்டூனுக்கும் நடுவே ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேல்.

இதை நீங்களே பார்க்க ஒரு பெயருக்குப் பத்து நிமிடம் ஆகும். பட்டம் என்ன, ஆண்டு என்ன, துறை என்ன என்ற மூன்றும் கிடைத்தால்தான் அவர் பட்டதாரி. ‘படித்தார்’ என்று மட்டும் இருந்தால் பாதியில் விட்டவராக இருக்கலாம். ‘எல்எல்.டி.’ என்று இருந்தால் பெரும்பாலும் கௌரவப் பட்டம், ஒரு நாள் மேடையில் கொடுத்தது. நோபல்காரர்களின் படிப்பு விவரம் நோபல் பரிசின் தளத்திலேயே இருக்கிறது.

இதற்கு இவ்வளவு மெனக்கெட வேண்டுமா என்றால், வேண்டும். நோட்டீஸில் இருப்பது அப்படியே எஸ்.ஓ.பி.யில், அதாவது ஏன் இங்கே படிக்க வருகிறேன் என்று மாணவர் எழுதும் விளக்கக் கடிதத்தில், போய் உட்காருகிறது. மையம் தரும் மாதிரி எஸ்.ஓ.பி.யின் இரண்டாவது பத்தியே ‘ஹெர்ஸ்பெர்க் பயின்ற இந்தப் பல்கலைக்கழகத்தில்’ என்று தொடங்குகிறது. படிக்கப்போவது ஹெர்ஸ்பெர்க் யாரென்று நன்றாகத் தெரிந்த துறைக்காரர். அதே பத்தியோடு அதே ஊரிலிருந்து அஞ்சாறு விண்ணப்பம் போனால் என்ன நினைப்பார்? எண்பது வருஷத்துக்கு முன் படித்தவரின் பெயர் எஸ்.ஓ.பி.யில் ஒரு வரிக்குக்கூடத் தேவையில்லை. தேவையானது இப்போது அங்கே வேலை செய்யும் ஒரு பேராசிரியரின் பெயரும், அவர் வேலையில் உங்களுக்கு எது பிடிபட்டது என்பதும்.

அதைக் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது, எந்த மையமும் சொல்வதில்லை. சஸ்காச்சுவான் பல்கலைக்கழக ஆய்வேடுகள் ‘ஹார்வெஸ்ட்’ என்ற இணையக் களஞ்சியத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. மானிடோபாவுக்கு ‘எம்ஸ்பேஸ்’. துறையைத் தேர்ந்து கடைசி ஐந்து ஆண்டு எம்.எஸ்சி. ஆய்வேடுகளை வரிசைப்படுத்துங்கள். யார் வழிகாட்டி, அவரிடம் எத்தனை பேர் முடித்திருக்கிறார்கள் என்று தெரியும். பிறகு நன்றியுரைப் பக்கத்தைத் திறங்கள். எந்த நிதி சம்பளம் கொடுத்தது, மேற்பார்வையாளர் எப்படிப்பட்டவர் என்பது பெரும்பாலும் அந்த ஒரு பக்கத்தில் கசிந்துவிடும். அங்கே இருப்பவர்கள்தான் உங்களுக்கு வேண்டிய முன்னாள் மாணவர்கள். ஆய்வேட்டுடன் கூடிய முதுகலைக்கு, வழிகாட்ட ஒரு பேராசிரியர் சம்மதிக்காமல் இடம் கிடைப்பது அரிது. மையம் ‘நாங்க பாத்துக்கறோம்’ என்பது ஆய்வேடு இல்லாத பாடமுறை முதுகலைக்கு மட்டும்தான் பொருந்தும், அதற்குக் கட்டணம் முழுக்க உங்கள் பை.

பேராசிரியர் பேச நேரம் கொடுத்தால் ஒரு வசதி: சஸ்காச்சுவானில் பெரும்பகுதி கடிகாரத்தை மாற்றுவதே இல்லை. வருஷம் முழுக்க நமக்கு 11 மணி 30 நிமிடம் பின்னால். அவர்களின் காலை 9 மணி நமக்கு இரவு 8.30. வின்னிபெக் என்றால் கோடையில் அதே நேரம் 7.30 ஆகிவிடும். இதைக் கவனிக்காமல் இணைப்பில் ஒரு மணி நேரம் தாமதமாக நுழைந்தால் மறு வாய்ப்பு கிடைப்பது கஷ்டம்.

இனி சேவைக்கு வருவோம். ‘ஃப்ரீ’ என்கிறார்கள். காசு வருவது கல்லூரி தரும் கமிஷனில். அதனால் கமிஷன் தராத துறை அவர்கள் கணினியில் ‘சீட் ஃபுல்’ ஆகிவிடும். பல்கலைக்கழகத்தின் சொந்தப் பக்கத்தில் கடைசித் தேதியைப் பார்த்துவிட்டு அதே கேள்வியைக் கவுன்டரில் கேளுங்கள், ஆள் யாரென்று தெரிந்துவிடும். விண்ணப்பக் கணக்கு உங்கள் மின்னஞ்சலில், உங்கள் பாஸ்வேர்டில் இருக்க வேண்டும். மையத்தின் மின்னஞ்சலில் திறந்தால் ஆஃபர் லெட்டர் வந்ததே உங்களுக்குத் தெரியாமல் போகும்.

பரிந்துரைக் கடிதம் அடுத்த இடறல். கல்லூரி ஆசிரியரின் ஜிமெயில் முகவரியைக் கொடுத்தால் பல துறைகள் சந்தேகப்படும். நிறுவன முகவரி கேட்டு வாங்குங்கள். ஆசிரியர் பெயரில் மையமே ஒரு முகவரி உருவாக்கித் தந்தால் எழுந்து வந்துவிடுங்கள். அது மோசடி, மாட்டினால் பெயர் கெடுவது உங்களுக்கு.

டிரான்ஸ்கிரிப்ட், அதாவது பல்கலைக்கழகமே தரும் முழு மதிப்பெண் பதிவு விஷயத்தில் மையத்துக்கு உள்ளூர் ஞானம் குறைவு. காலாப்பட்டிலுள்ள புதுச்சேரி பல்கலைக்கழகத்தில் படித்தவர்களுக்குச் சிக்கல் இல்லை. கடலூர்ப் பக்கத்துக் கலைக் கல்லூரிகள் முன்பு திருவள்ளுவர் பல்கலைக்கழகத்தின் கீழ் இருந்தன, இப்போது அண்ணாமலையின் கீழ். பட்டச் சான்றிதழில் எந்தப் பெயர் இருக்கிறதோ அங்கேதான் டிரான்ஸ்கிரிப்ட். பழைய பேட்ச் ஆட்கள் பக்கத்திலிருக்கும் சிதம்பரத்துக்குப் போனால் வேலை ஆகாது, வேலூர் சேர்க்காடுதான். மூடி முத்திரையிட்ட கவரைப் பிரித்துப் பார்க்காதீர்கள், பிரித்தால் செல்லாது.

இனிஷியல் இன்னொன்று. மார்க்‌ஷீட்டில் ‘கே. ரமேஷ்’, பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் காலி. கனடா விசா படிவத்தில் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இல்லையென்றால் முழுப் பெயரையும் குடும்பப் பெயர்க் கட்டத்திலேயே போட்டு, இயற்பெயர்க் கட்டத்தைக் காலியாக விட வேண்டும். மையம் தன் இஷ்டத்துக்கு அப்பா பெயரைச் சேர்த்தால் ஆஃபர் லெட்டரில் ஒரு பெயர், விசாவில் ஒரு பெயர்.

புதுச்சேரிக்காரர்களுக்கு மட்டும் ஒரு சலுகை உண்டு. வீட்டில் பிரெஞ்சில் எழுதிய பழைய பிறப்புப் பதிவு, திருமணப் பதிவு இருந்தால் கனடா குடிவரவுத் துறைக்கு மொழிபெயர்க்க வேண்டியதில்லை. ஆங்கிலமும் பிரெஞ்சும் இரண்டுமே அவர்களுக்கு ஆட்சி மொழி. தமிழில் இருப்பதை மட்டும் பெயர்த்து, மொழிபெயர்ப்பாளரின் உறுதிப் பத்திரத்தோடு கொடுக்க வேண்டும். மையத்தில் பிரெஞ்சு ஆவணத்துக்கும் மொழிபெயர்ப்புக் கட்டணம் பில்லில் ஏறுகிறது.

விசா பகுதிதான் நோட்டீஸில் படுமோசம். ‘எஸ்.டி.எஸ். வழியில் 20 நாளில் விசா’ என்று இன்னும் போட்டிருக்கிறார்கள். மாணவர்களுக்கான அந்த விரைவு வழியை (ஸ்டூடன்ட் டைரக்ட் ஸ்ட்ரீம்) 2024 நவம்பர் 8 அன்றே மூடிவிட்டார்கள். செலவுக் கணக்கும் பழசு. முதலாண்டுக் கட்டணம், பயணம் போக, ஒருவருக்கு 22,895 கனடா டாலர் காட்ட வேண்டும் என்பது 2025 செப்டம்பர் 1 முதல் உள்ள விதி. நோட்டீஸில் இருப்பது அதற்கு முந்தைய 20,635. இதை நம்பிப் பணத்தைப் போட்டால் குறையும் தொகைக்கே விண்ணப்பம் நிராகரிக்கப்படலாம். படிப்பு அனுமதிக் கட்டணம் 150 டாலர், கைரேகைக்கு 85. பில்லில் இதற்கு மேல் இருப்பது எதற்கென்று கேட்டு, தனி ரசீது வாங்குங்கள். காசு வாங்கிக்கொண்டு விசா விண்ணப்பத்தில் உங்கள் பிரதிநிதியாக இருக்க, கனடாவில் பதிவுபெற்ற குடிவரவு ஆலோசகர் அல்லது வழக்கறிஞராக இருக்க வேண்டும். ஆலோசகர் என்றால் பதிவு எண்ணைக் கேட்டு அவர்களை ஒழுங்குபடுத்தும் கனடா அமைப்பின் பொதுப் பதிவேட்டில் தேடிப் பாருங்கள். பொய்த் தகவலுக்கு ஐந்தாண்டுத் தடை வருவது விண்ணப்பதாரருக்கு, ஃபார்ம் நிரப்பியவருக்கு இல்லை.

மதிப்பெண் என்றால்: ஆவணங்களை ஸ்கேன் செய்து வரிசைப்படுத்துவது, சென்னைக்குக் கைரேகை தேதி எடுப்பது, இரண்டிலும் சுறுசுறுப்பு. ஐந்துக்கு நாலு. படிப்பு ஆலோசனைக்கு ஒன்றரை. நோட்டீஸுக்கு, அவர்கள் கணக்கிலேயே, எட்டுக்கு நாலு. அந்த நாலில் ஃபெடோரக்குக்கும் டௌனிக்கும் கொடுத்தது ஆளுக்கு ஒரு வரி.