‘பார்க் ஃபேஸிங்’ சைட் வாங்கப் போகிறவர்களுக்கு: அந்தப் பார்க்குக்கும் பத்திரம் கேளுங்கள்

கோபி ரோடு, பெருந்துறை ரோடு, காங்கயம் ரோடு என்று எந்தப் பக்கம் போனாலும் இப்போது சைட் விளம்பரம்தான். பல போர்டுகளில் குழந்தைகள் பூங்கா, வாக்கிங் பாதை, ஷட்டில் கோர்ட் என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கிறார்கள். அந்த வரியை நம்பி அட்வான்ஸ் கொடுக்க நினைப்பவர்கள் தயவுசெய்து இதை முழுவதும் படித்துவிடுங்கள். எங்கள் லேஅவுட்டில் பூங்கா என்று காட்டிய இடத்தை, எங்களுக்குச் சைட் விற்ற அதே ஆட்கள் மூன்று துண்டாகப் போட்டு விற்றுவிட்டார்கள். வழக்கு நடப்பதால் ஊர் பெயரையும் ஆள் பெயரையும் எழுதவில்லை. ஈரோடு மாவட்டத்தில் ஒரு சின்ன நகராட்சி, அவ்வளவு போதும்.

நாங்கள் பூங்காவை ஏன் அவ்வளவு பெரிதாக நினைத்தோம் என்று வெளியூர்க்காரர்களுக்குத் தோன்றலாம். ஈரோட்டுக்காரர்களுக்கு வ.உ.சி. பூங்கா இருக்கிறது. கோவைக்காரர்களுக்கு ரேஸ்கோர்ஸ் நடைபாதை இருக்கிறது. எங்களைப் போன்ற தறி ஊர்களில் என்ன இருக்கிறது? வீதிக்கு வீதி தறிச் சத்தம். அம்மாவும் அப்பாவும் ஷிஃப்டுக்குப் போய்விட்டால் பிள்ளைகள் விளையாடுவது நூல் மூட்டை ஏற்றி இறக்கும் டெம்போக்களுக்கு நடுவில். சுகருக்கு டாக்டர் நடக்கச் சொன்ன பெரியவர்கள் விடியக் காலையில் லாரி போகும் ரோட்டோரம் நடக்கிறார்கள். என் மாமனாரும் அப்படித்தான் நடந்துகொண்டிருந்தார். அதனால் வீட்டுக்காரரும் நானும் சைட் தேடும்போதே, வீடு கொஞ்சம் சின்னதாக இருந்தாலும் பரவாயில்லை, பக்கத்தில் நடக்க ஒரு இடம் வேண்டும் என்று முடிவு செய்திருந்தோம்.

சைட் காட்டியவர்களுக்கு இது நன்றாகவே தெரியும். நாங்கள் போனபோது அந்த 30 சென்ட் இடத்தில் கம்பிவேலி, புல்தரை, இரண்டு ஊஞ்சல், ஒரு சறுக்கு, சிமெண்டில் செய்த ஒட்டகச்சிவிங்கி எல்லாம் இருந்தன. வாசலில் ‘பூங்கா இடம்’ என்று பச்சை போர்டு. “அக்கா, இது பார்க் ஃபேஸிங்குங்க. காத்துக்கு ஒரு நாளும் மறைப்பு வராதுங்க. செண்ட்டுக்கு கொஞ்சம் சேர்த்துத்தானுங்க ஆகும்” என்றார் அந்த ஆபீஸ் பையன். பின்வரிசைச் சைட்டைவிடக் கூடுதலாகத்தான் கொடுத்தோம். பூங்காவைப் பார்த்த அந்த வரிசையில் வாங்கிய எல்லோரும் அப்படியே கொடுத்திருக்கிறார்கள். டி.டி.சி.பி. (நகர் ஊரமைப்பு இயக்ககம்) அப்ரூவல் இருந்தது. பேங்க் வக்கீல் மூலப்பத்திரம் வரை பார்த்து லீகல் ஒப்பீனியன் கொடுத்தார். லோனும் வந்தது. எங்கள் சைட்டில் இன்றுவரை ஒரு குறையும் கிடையாது.

இந்த இடத்தைத்தான் கவனிக்கச் சொல்கிறேன். பேங்க் வக்கீல் பார்ப்பது நீங்கள் வாங்கும் மனைக்கான பத்திரங்களை. எதிரில் இருக்கும் பூங்கா யார் பெயரில் இருக்கிறது என்று பார்ப்பது அவர் வேலை இல்லை. பேங்குக்கும் அது தேவையில்லை. ஆக, நீங்கள் கூடுதல் காசு கொடுக்கும் அந்த ஒரு விஷயத்தை மட்டும் யாருமே சரிபார்ப்பதில்லை.

முக்கால்வாசிச் சைட் விற்கும் வரை புல்லுக்குத் தண்ணீர் விட ஆள் இருந்தது. அப்புறம் ஆளைக் காணோம், புல் காய்ந்தது, போர்டு போனது. ஒரு நாள் ஊஞ்சலையும் சறுக்கையும் பெயிண்ட் அடிக்க எடுத்துப் போவதாகச் சொல்லி வண்டியில் ஏற்றினார்கள். பிள்ளைகள் திரும்பி வரும் என்று காத்திருந்தார்கள். பக்கத்து ஊரில் அதே ஆட்கள் புதிதாகப் போட்ட லேஅவுட்டின் திறப்பு விழாவுக்குப் போய்வந்த எங்கள் வீதிக்காரர் ஒருவர் போனில் படம் எடுத்துக்கொண்டு வந்து காட்டினார். எங்கள் ஊஞ்சல், எங்கள் சறுக்கு. சறுக்கின் ஓரத்தில் எங்கள் வீதிப் பிள்ளைகள் கிறுக்கி வைத்திருந்த பெயர்கள்கூட அழியாமல் இருந்தன. அங்கே யாரோ ஒரு குடும்பம் அதைப் பார்த்து ‘பார்க் ஃபேஸிங்’ சைட்டுக்குக் காசு கட்டிக்கொண்டிருக்கும் என்று நினைத்தபோது எனக்கு வயிறு எரிந்தது.

அதன்பிறகு சர்வே கல் நட ஆள் வந்தார்கள். கேட்டதற்கு, “இது பட்டா இடமுங்க, வித்தாச்சுங்க” என்றார்கள். ஆபீசுக்குப் போனோம். அங்கே முதலில், பார்க் என்று உங்கள் கிரயப் பத்திரத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறோமா என்று கேட்டார்கள். அப்ரூவல் வரைபடத்தைக் காட்டியதும் பேச்சு மாறியது. பூங்கா இடத்துக்குப் பதிலாக அரசாங்கத்துக்குப் பணம் கட்டிவிட்டோம் என்றார்கள். இதைக் கேட்டுத்தான் நிறையப் பேர் பேசாமல் திரும்பி விடுகிறார்கள் என்று பிறகு தெரிந்தது. அதனால் விதி என்ன சொல்கிறது என்று எழுதிவிடுகிறேன்.

2019-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளின்படி, 3,000 சதுர மீட்டருக்கு மேல் லேஅவுட் போட்டால், சாலை போக மீதி இடத்தில் 10 சதவீதத்தைப் பூங்கா, விளையாட்டு இடம் போன்ற பொது உபயோகத்துக்கு ஒதுக்க வேண்டும். நம்ம பக்கம் ‘ரிசர்வ் சைட்’ என்று சொல்வது இதைத்தான். 10,000 சதுர மீட்டர் வரை இடத்துக்குப் பதிலாகப் பணம் கட்ட வழி இருக்கிறது. அதற்கு மேல் போனால் பணம் கட்டித் தப்ப முடியாது, இடத்தையே உள்ளாட்சிக்குத் தானப்பத்திரம் எழுதிப் பதிவு செய்து கொடுத்தாக வேண்டும். 10,000 சதுர மீட்டர் என்பது ஏறக்குறைய 2.47 ஏக்கர். எங்கள் லேஅவுட் நாலரை ஏக்கர். பணம் கட்டிவிட்டோம் என்பது அப்பட்டமான பொய்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 3,000 சதுர மீட்டர் என்பது சுமார் 74 சென்ட். அதற்கும் குறைவான லேஅவுட் என்றால் ரிசர்வ் சைட் விட வேண்டிய கட்டாயமே இல்லை. ‘அரை ஏக்கர் லேஅவுட், உள்ளேயே பார்க்’ என்று யாராவது சொன்னால் அந்தப் பார்க் அவர்கள் மனது வைத்தால் உண்டு, இல்லையென்றால் இல்லை. 2016 அக்டோபர் 20-க்கு முன் அனுமதி இல்லாமல் போட்டு, 2017 திட்டத்தில் வரன்முறை செய்த (பிறகு முறைப்படுத்திய) மனைகளிலும் கவனமாக இருங்கள். உங்கள் மனையை வரன்முறை செய்துவிட்டார்கள் என்பதற்காக, பழைய நோட்டீசில் அச்சடித்த பூங்காவும் நிஜமாகிவிடாது.

சரி, எங்கள் கதைக்கு வருகிறேன். நகராட்சி அலுவலகத்தில் நகரமைப்புப் பிரிவைக் கேட்டால் பொறியியல் பிரிவைக் கைகாட்டினார்கள், அங்கே போனால் ஃபைல் இல்லை என்றார்கள். பூங்காவைக் காப்பாற்ற வேண்டியவர்களே நாங்கள் ஏதோ சொந்தக் காரியத்துக்கு வந்ததுபோல் உட்காரக்கூடச் சொல்லாமல் பேசியதை என்னால் மறக்க முடியாது. கலெக்டர் ஆபீஸ் திங்கள்கிழமைக் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுத்தோம். அது சுற்றி அதே நகராட்சிக்குத்தான் வந்தது.

வழி காட்டியது எங்கள் வீதியில் இருக்கும் வயதான பத்திர எழுத்தர். எங்கள் ஈ.சி.யை (வில்லங்கச் சான்றை) எல்லாம் வாங்கிப் பார்த்துவிட்டு, “சைட்டு நெம்பருக்கு ஈசி போட்டா பார்க் எப்படிங்க அதுல வரும்? பார்க் இருக்கற சர்வே நெம்பருக்குப் போட்டுப் பாருங்க அம்மிணி” என்றார். பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கச் சான்றைக் காசில்லாமலே பார்க்கலாம். பூங்கா இடத்தின் உட்பிரிவு எண் போட்டுத் தேடியதும் இரண்டு வகைப் பத்திரங்கள் வந்தன. லேஅவுட் அனுமதி வாங்கும்போதே நகராட்சி பெயருக்கு எழுதிப் பதிவான தானப்பத்திரம் ஒன்று. அதே இடத்துக்குப் பின்னாளில் எழுதிய மூன்று கிரயப் பத்திரங்கள். அந்தக் கிரயங்களில் மனை என்ற வார்த்தையே கிடையாது. அனுமதியில்லாத மனையைப் பதிவு செய்ய முடியாது என்பதால் பழைய வகைப்பாட்டை வைத்துப் புன்செய் நிலம் என்று சென்ட் கணக்கில் எழுதியிருந்தார்கள்.

எழுதிக் கொடுத்த இடத்தை மறுபடி எப்படி விற்றார்கள்? நகராட்சி தானமாக வாங்கியதோடு சரி, பட்டாவைத் தன் பெயருக்கு மாற்றவே இல்லை. வருவாய்த்துறைக் கணக்கில் அது கடைசிவரை பழைய உரிமையாளர் பெயரிலேயே இருந்தது. அந்தப் பட்டாவைக் காட்டித்தான் விற்றிருக்கிறார்கள். தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கோர்ட் ஃபீஸ் ஸ்டாம்ப் ஒட்டி மனு போட்டோம். ஃபைலே இல்லை என்று சொன்ன அதே அலுவலகம், இடம் தானப்பத்திரம் மூலம் ஒப்படைக்கப்பட்டுள்ளது, பட்டா மாறுதல் நடவடிக்கையில் உள்ளது என்று எழுத்தில் பதில் கொடுத்தது. 30 நாளுக்குள் பதில் தர வேண்டும் என்பது சட்டம். அந்தக் காகிதம் இல்லாமல் இன்று நாங்கள் கோர்ட்டில் நிற்க முடியாது. உங்கள் லேஅவுட்டில் சந்தேகம் இருந்தால் வாய்ப்பேச்சில் நாட்களை வீணாக்காமல் முதலில் இந்த மனுவைப் போடுங்கள்.

எங்கள் வக்கீல் 1991-இல் உச்ச நீதிமன்றம் பெங்களூரு வழக்கு ஒன்றில் சொன்ன தீர்ப்பை எடுத்துக் காட்டினார். பூங்காவுக்கு என்று ஒதுக்கிய இடத்தைத் தனியார் மருத்துவமனை கட்டக் கொடுத்ததை அந்தப் பகுதி மக்கள் எதிர்த்த வழக்கு அது. கொடுத்தது செல்லாது என்று தீர்ப்பு வந்தது. மருத்துவமனைக்கே கிடையாது என்றால் வீட்டு மனைக்கு எங்கே இருந்து வரும்? அதைப் படித்த பிறகுதான் எங்கள் வீதியில் பாதிப் பேருக்குத் தைரியம் வந்தது, வழக்குச் செலவுக்குக் காசு சேர்ந்தது.

நீங்கள் வாங்கப் போகும்போது என்ன செய்ய வேண்டும் என்றால், கேட்க வேண்டியதை அட்வான்சுக்கு முன்பே கேளுங்கள். வண்ண நோட்டீசை ஓரமாக வைத்துவிட்டு, கையெழுத்தும் எண்ணும் உள்ள அனுமதி வரைபடத்தை முழுதாக வாங்குங்கள். 500 சதுர மீட்டருக்கு மேலோ எட்டு மனைக்கு மேலோ இருந்தால் ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) பதிவு இருக்க வேண்டும், அந்த எண்ணைப் போட்டு ரெரா இணையதளத்தில் இருக்கும் வரைபடத்தோடு ஒத்துப் பாருங்கள். பூங்காவுக்கான தானப்பத்திரத்தின் எண்ணையும் வருடத்தையும் கேளுங்கள். எண்ணைச் சொல்லாமல் “அதெல்லாம் பண்ணியாச்சுங்க” என்றால் எழுந்து வந்துவிடுங்கள். பிறகு அந்தச் சர்வே எண்ணுக்குப் பட்டா யார் பெயரில் இருக்கிறது என்று வருவாய்த்துறை இணையதளத்தில் பாருங்கள். நகராட்சி, பேரூராட்சி, பஞ்சாயத்து என்று உள்ளாட்சியின் பெயர்தான் இருக்க வேண்டும். ஏற்கெனவே வீடு கட்டிக் குடியிருப்பவர்களும் இன்றைக்கே பாருங்கள். பட்டா மாறவில்லை என்றால் இடம் காலியாக இருக்கும்போதே மனு கொடுத்து மாற்ற வையுங்கள். கல் நட்டபிறகு ஓடுவது மிகவும் கஷ்டம்.

குடியிருக்கும் லேஅவுட்டுக்கு நடுவில், அக்கம்பக்கத்தைவிட விலை குறைவாக, ‘புன்செய்’ என்று பத்திரத்தில் எழுதி 10 சென்ட் இடம் வருகிறது என்று புரோக்கர் சொன்னால் அதைத் தொடாதீர்கள். எங்கள் பூங்காவை வாங்கிய மூன்று பேரும் மோசக்காரர்கள் இல்லை. ஒருவர் பனியன் கம்பெனியில் டெய்லர், மகள் கல்யாணத்துக்கு வைத்திருந்த பணத்தைப் போட்டிருக்கிறார். எங்களோடு சண்டைக்கு வந்தவர் இப்போது அதே ஆட்கள்மீது எங்களுக்கு முன்பாகப் போலீசில் புகார் கொடுத்திருக்கிறார்.

இப்போதைய நிலவரம்: இடத்தில் எதுவும் கட்டக் கூடாது என்று கோர்ட் தடை கொடுத்திருக்கிறது. நகராட்சி பெயருக்குப் பட்டா மாறிவிட்டது. வேலியும் விளையாட்டுச் சாமானும் கேட்டு வார்டு கவுன்சிலரிடம் கொடுத்த மனு நிலுவையில் இருக்கிறது. அதே ஆட்கள் மாவட்டத்தில் வேறு லேஅவுட்டுகளும் போட்டிருப்பதால், உங்கள் பூங்காவில் ஊஞ்சலைக் கழற்ற வண்டி வந்தால் அதைப் படம் எடுத்து வைத்துக்கொண்டு, அன்றைக்கே அந்தச் சர்வே எண்ணுக்கு ஈ.சி. போட்டுப் பாருங்கள்.